அஞ்சுவண்ணமும் மலபார் யூதர்களும்

தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் தொன்மையைப் பேசும்போது நாம் முதலில் எடுத்துரைக்கும் நூல் பல்சந்தமாலை. அதில் முஸ்லிம்கள் 'அஞ்சுவண்ணத்தவர்' எனச் சுட்டப்படுகின்றனர். இதே அஞ்சுவண்ணம், கேரள யூதர்களின் மிகப் பழைய சாசனத்திலும் இடம்பெற்றுள்ளது என்பது நம்மிற் பலர் அறியாத செய்தியாகும்.

கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் தங்கியிருந்தபோது, இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்குச் செப்பேடு ஒன்றை வழங்கினார். முயிரிக்கோடு என்பது இன்றைய கொடுங்கல்லூர். இசுப்பு என்பது நாம் யூசுப் என வழங்கும் பெயரே. பகல் விளக்கு, நடைவிரிப்பு, பல்லக்கு, குடை, காளம், தோரணம் முதலான 72 உரிமைகளும் அஞ்சுவண்ணமும் அவருக்கு அளிக்கப்பட்டன. சாசனத்தின் எழுத்து வட்டெழுத்து. மொழியோ தமிழிலிருந்து மலையாளம் முற்றிலும் பிரியாத காலத்து மேலைக்கரை வழக்கு.

அஞ்சுவண்ணம் என்பது யூதர் குடியிருப்பின் பெயர் என்றே முன்னர் கருதப்பட்டது. மேலை ஆசியாவிலிருந்து வந்த வணிகர்களின் கூட்டமைப்பு அது என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் முடிவு. கி.பி. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு இதற்குத் துணை நிற்கிறது. கிறிஸ்தவப் பள்ளி ஒன்றுக்கான அந்தக் கொடையில் சாட்சிகள் கூஃபி அரபு எழுத்திலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். வெவ்வேறு சமயத்தார் ஒரே ஆவணத்திற்குச் சாட்சியாக நின்றனர் என்பது இதனால் விளங்கும்.

இத்தொடர்பு அரசர்களின் செப்பேடுகளோடு நிற்கவில்லை. வணிகர்களின் கடிதங்களிலும் உண்டு. இறைவனின் திருப்பெயர் எழுதப்பட்ட தாளை எறிதல் ஆகாது என்பது யூதர் மரபு. கிழிந்த குர்ஆன் ஏடுகளை நாம் பேணுவதை இதனோடு ஒப்பிடலாம். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் பின் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் இவ்வாறு ஒதுக்கிவைத்த அறைக்குக் கெனிஸா என்று பெயர். அங்கிருந்து 1896-97-இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஏட்டுத் துண்டுகள் ஏறத்தாழ 1,93,000. அவற்றுள் வணிகக் கணக்குகளும் குடும்பக் கடிதங்களும் அடங்கும்.

துனீசியாவின் மஹ்தியா நகரத்தவரான ஆபிரகாம் பின் யிஜூ என்னும் யூத வணிகரின் கடிதங்களும் அவற்றில் உள்ளன. 1132 முதல் 1149 வரையான ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் மங்களூரிலும் மலபாரிலும் கழித்தார். வெண்கலப் பாத்திரப் பட்டறை நடத்தினார். மிளகும் இரும்பும் பாக்கும் ஏடனுக்கு அனுப்பினார். அங்கிருந்து அவருக்கு வந்த பொருள்களில் எழுதும் தாளும் ஒன்று. அடிமையாயிருந்த ஆஷு என்னும் பெண்ணை அவர் 1132-இல் விடுதலை செய்த ஆவணமும் கிடைத்துள்ளது.

இக்கடிதங்களிற் பெரும்பாலானவற்றின் மொழி அரபு, எழுத்து எபிரேயம். தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோரின் அரபுத்தமிழை இது நினைவூட்டவில்லையா? தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே சந்தையில் ஒலிக்கும் பாகலூர் போன்ற எல்லையோர ஊர்களில் வாழும் நமக்கு இதன் காரணம் எளிதில் புரியும். எழுத்தை மனிதன் தன் வேதத்திடமிருந்து பெறுகிறான். மொழியை அண்டை வீட்டாரிடமிருந்து பெறுகிறான்.

அண்டை வீட்டாரிடையே பகையும் மூண்டதுண்டு. 1524-இல் கொடுங்கல்லூரில் யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கலகம் எழுந்தது. யூதர்கள் கொல்லப்பட்டதையும், அவர்தம் வீடுகளும் தொழுகைக்கூடங்களும் அழிக்கப்பட்டதையும் நமக்குக் கூறுபவர் மலபாரின் மார்க்க அறிஞர் ஷெய்க் ஜைனுத்தீன் மக்தூம் அவர்களே. தம் சமுதாயத்தார் செய்ததையும் துஹ்ஃபத்துல் முஜாஹிதீனில் அவர்கள் மறைக்காமல் பதிந்தார்கள். வரலாறு எழுதுவோர்க்கு இந்நேர்மை ஒரு பாடமாகும்.

ஸ்பெயின் 1492-இல் யூதர்களை வெளியேற்றியபின் அவர்களுட் பலர் உஸ்மானிய நாடுகளில் அடைக்கலம் பெற்றனர். ஐபீரிய யூதர்களின் வழிவந்தோர் பிற்காலத்தில் ஜமைக்கா, கியூராசோ முதலிய கரீபியன் தீவுகள் வரை சென்றனர். சிலர் கொச்சிக்கு வந்தனர். 1568-இல் கொச்சி அரசரின் அரண்மனையை அடுத்து எழுந்த பரதேசி தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. ஆனால் 1948-க்குப் பின் கொச்சி யூதர்களிற் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பாலஸ்தீன மக்களின் துயரால் இஸ்ரேல் என்னும் பெயர் நம் நெஞ்சை வருத்துவது இயல்பே. அவ்வருத்தம் நம் கடற்கரையின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் படிக்கவிடாமல் நம்மைத் தடுத்துவிடலாகாது.

மக்கள் சென்றபின்னும் அவர்களைப் பற்றி நாம் இவ்வளவு அறிகிறோம் எனில், தாள்கள் எறியப்படாமல் இருந்தமையே காரணம். நம் இல்லங்களின் பழைய பெட்டிகளிலும் பள்ளிவாசல் பரண்களிலும் அரபுத்தமிழ் ஏடுகள் கரையானுக்கு இரையாகிக் கொண்டிருக்கின்றன. அவற்றுள் மார்க்க நூல்களும் இருக்கலாம். வெறும் கடைக்கணக்கும் இருக்கலாம். இரண்டையும் காப்போம். பின் யிஜூவை நமக்குக் காட்டியவை அத்தகைய கணக்குத் தாள்களே.