செல்போனில் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு: சுகர், பிபி, முதுகுவலி இருப்பவர்கள் சேரலாமா?

மேலூரில் இருந்து மதுரைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். முதுகுவலியோடு வாரா வாரம் பஸ் ஏறி கவுன்சிலிங் போய் வருவது லேசான வேலை இல்லை. வீட்டிலிருந்தே சேரும் ஆன்லைன் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்புகள் பலரை ஈர்க்க இதுவும் ஒரு காரணம். ஆனால் ‘மாத்திரையே வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் அங்கேதான் உஷாராகணும்.

மைண்ட்ஃபுல்னெஸ்னா என்ன?

மனசை காலியாக்குவது இல்லை. மூச்சு, உடம்பு, வலி என இந்த நிமிடம் நடப்பதை விரட்டாமல் கவனிப்பது. 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் இதை ஒரு பயிற்சியாகத் தொடங்கினார். முதலில் வந்தவர்களில் பலர், சிகிச்சை எடுத்தும் வலி தீராத நோயாளிகள்.

வலி போயிடுமா?

அப்படிச் சொல்ல முடியாது. ‘நாளைக்கு வேலைக்குப் போக முடியுமா?’ என்ற பயத்தில் உடம்பு இறுகும். இறுகினால் வலி கூடும், தூக்கம் கெடும், மறுநாள் பயம் இன்னும் ஏறும். இந்தச் சுழலைத்தான் பயிற்சி தளர்த்துகிறது. நாள்பட்ட முதுகுவலிக்கு மருந்துக்கு முன் முயற்சிக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் சொன்ன வழிகளில் இதுவும் ஒன்று.

பிபி, சுகர் கதை வேறு. அதே 2017-ல் அமெரிக்க இதய சங்கம், தியானம் உதவக்கூடும், ஆனால் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத்தான் என்றது. மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம், மாரடைப்பு ஆபத்து கூடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை டப்பாவில் போட்டு வைக்காதீங்க.

பணம் கட்டும் முன்...

நடத்துபவர் யார், என்ன பயிற்சி பெற்றவர், நேரலையா, பதிவு வீடியோவா, பாதியில் நிறுத்தினால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். மூல பயிற்சியில் தினமும் 45 நிமிட வீட்டுப்பாடம் உண்டு. வயலுக்குப் போய் வருபவருக்கு அது நடக்குமா என்பது சந்தேகம்தான். 10 நிமிடத்தில் ஆரம்பிக்கலாம்.

கண்ணை மூடினால் சிலருக்குப் படபடப்பு, பழைய கெட்ட நினைவு வரும். உடனே கண்ணைத் திறந்து நிறுத்திவிடலாம், தப்பே இல்லை. மனநோய்க்கு சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சேர வேண்டாம்.

வகுப்பை விட, யாரிடமாவது பேசினால் போதும் என்று தோன்றுகிறதா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.