பட்டம் வாங்கும் முன்பா, பின்பா? வேலைக்கு மனு போடும் காலம்

மைசூர் ரெயில் நிலையம். மாலை நேரம். தூத்துக்குடி வண்டிக்குக் கோவில்பட்டி டிக்கெட் எடுத்த பெரியவர் ஒருவர், சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, ரெயில்வேயில் பட்டதாரிகளுக்கு ஆள் எடுக்கிறார்களாமே? என் மகன் பி.காம். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டான். ரிசல்ட்தான் பாக்கி. இப்பவே மனு போட்டுவிடலாமா?"

அது 2024 அக்டோபர். ரெயில்வே தேர்வு வாரியங்கள் ஸ்டேஷன் மாஸ்டர், கூட்ஸ் கார்டு (இப்போது டிரெயின் மானேஜர் என்கிறார்கள்), சீனியர் குமாஸ்தா உள்பட 8,113 பட்டதாரி இடங்களுக்கு மனு வாங்கிக்கொண்டிருந்தன. 20-ந் தேதி கடைசி.

பெரியவருக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. பரீட்சை எழுதியது போதாது. மனு வாங்கும் காலம் முடிவதற்குள் பட்டத்தில் தேறியிருக்க வேண்டும். முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் மனு போடக்கூடாது என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. பையனின் ரிசல்ட் தீபாவளி கழிந்துதான் வந்தது. அதே வேலைகளுக்கு அடுத்த அறிவிப்பு வர ஓர் ஆண்டு ஆயிற்று. 2025 அக்டோபரில் வந்தபோது இடங்கள் 5,810 ஆகக் குறைந்திருந்தன.

ஆளுக்கு ஒரு விதி

கல்லூரி மாணவன் எப்போது மனு போடத் தொடங்க வேண்டும் என்றால், எல்லோரும் ஒரே பதில் சொல்வதில்லை. ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வுக்குக் கடைசி ஆண்டு மாணவர்களும் மனு போடலாம். வயது 21 ஆக வேண்டும். மெயின் தேர்வுக்குப் போகும்போது தேறிய சான்று கேட்பார்கள். ஸ்டாப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் பட்டதாரித் தேர்வுக்கும் கடைசி ஆண்டுக்காரர்கள் மனு செய்யலாம். அறிவிப்பில் கண்ட தேதிக்குள் பட்டம் வந்துவிட வேண்டும். ஸ்டேட் பாங்கி அதிகாரி வேலைக்கும் ஏறக்குறைய அப்படியே. மற்ற பொதுத்துறை பாங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ்., பதிவு செய்யும் நாளிலேயே பட்டதாரியா என்று பார்க்கிறது.

மொழியும் கவனிக்க வேண்டியது. ரெயில்வே தேர்வைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதலாம். ஸ்டாப் செலக்‌ஷன் பட்டதாரித் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே.

மனு போட்டவுடன் வேலை வந்துவிடாது. 2019 மார்ச்சில் ரெயில்வேயின் சுமார் 35 ஆயிரம் இடங்களுக்கு ஒன்றேகால் கோடிப் பேர் மனு போட்டார்கள். கொரோனா குறுக்கிட்டது. முதல் கட்டத் தேர்வு 2020 டிசம்பர் கடைசியில் தொடங்கியது. அதன் முடிவு 2022 ஜனவரியில் வந்தது. 21 வயதில் மனு போட்டவனுக்கு முதல் படி தாண்டவே 24 ஆகிவிட்டது.

கம்பெனிகள் வேறு மாதிரி

தனியார் கம்பெனிகள் பட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. என்ஜினீயரிங் கல்லூரிகளில் கடைசி ஆண்டு தொடங்கும்போதே வந்து ஆள் பொறுக்குகிறார்கள். ஆனால் கையில் கடிதம் இருப்பது வேலை ஆகாது. நம் ஊர் ஹெப்பால் பகுதியில் உள்ள இன்போசிஸ் பயிற்சி வளாகமே சாட்சி. 2022-ல் படிப்பு முடித்துக் கடிதம் பெற்றவர்களில் பலர் 2024 அக்டோபரில்தான் உள்ளே வந்தார்கள். 2025 பிப்ரவரியில் 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை, ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது என்றது கம்பெனி. கடிதம் வந்துவிட்டது என்று மற்ற மனுக்களை நிறுத்திக்கொண்டவர்களுக்குத்தான் அடி பலம்.

நம் பிள்ளைகளில் பலர் படிப்பது பி.ஏ., பி.காம். கம்பெனிக்காரர்கள் எட்டிப் பார்க்காத கல்லூரிகளும் உண்டு. அவர்கள் ஐந்தாவது செமஸ்டரிலேயே தாங்களாகத் தேடத் தொடங்குவது நல்லது.

அப்பாவின் சான்றிதழ்

அதே நேரத்தில் காகித வேலையையும் தொடங்க வேண்டும். இதில்தான் வெளி மாநிலத் தமிழர்கள் சறுக்குகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் ஒரு பக்கம், ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாக இன்னொரு பக்கம். மனுவில் எதை எழுதுவது? ரெயில்வேக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயர்தான் பெயர்.

சாதிச் சான்றிதழ் இன்னும் பெரிய தலைவலி. தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் உள்ள குடும்பம் மைசூரில் குடியேறினால், மத்திய அரசு வேலைக்குச் சொந்த மாநிலப் பட்டியல்தான் கணக்கு. தந்தைக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த சான்றிதழைக் காட்டினால், குடியேறிய மாநில அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் தரலாம் என்று விதி இருக்கிறது. அந்தத் தந்தையின் சான்றிதழ் எங்கே? நாற்பது ஆண்டுக்கு முன் ரெயில் ஏறி வந்தவர் அதையெல்லாம் பத்திரமாக வைத்திருப்பாரா? வாங்காமலே வந்தவர்களும் உண்டு. ஊருக்குப் போய்த் தாலுகா ஆபீசில் நிற்க வேண்டும். மனு போட ஒரு மாதம்தான் அவகாசம் என்கிறபோது அது நடக்கிற காரியமா?

பெரியவரின் மகன் 2025-ல் அறிவிப்பு வந்த முதல் வாரமே மனு போட்டுவிட்டான். இளைய மகள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற வாரம் பெரியவர் மறுபடி கவுண்ட்டருக்கு வந்தார். கோவில்பட்டிக்கு ஒரு டிக்கெட். பையில் பழைய ரேஷன் கார்டும் பள்ளிக்கூட டி.சி.யும் இருந்தன. "தாசில்தார் லீவில் இல்லாமல் இருக்க வேண்டும், தம்பி" என்றார்.