வளையத்தைத் திருகினால் ஆட்டம் நிற்காது

"அண்ணே, பின்னாடி தூக்கித் தூக்கி அடிக்குது. ஷாக்கை ரெண்டு கட்டம் டைட் வைங்க." திருக்கடையூரில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. சொல்பவர் விரல், ஷாக்கின் பல் வளையத்தைக் காட்டும். ஸ்பிளெண்டரில் அதற்கு ஐந்து கட்டம். சி ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் ஸ்பிரிங் முன்கூட்டியே இறுகும், அவ்வளவுதான். நெல் மூட்டை ஏற்றும்போது பின்புறம் தாழாமலிருக்க உதவும். மூட்டையை இறக்கியதும் பழைய கட்டத்துக்குத் திருப்ப வேண்டும்; யார் செய்கிறார்கள்?

ஆட்டத்தை அடக்குவது உள்ளே இருக்கும் ஆயில். பிஸ்டன் ஏறி இறங்கும்போது ஆயில் பொடித் துளைகள் வழியாக நெருக்கியடித்துப் போக வேண்டும். அந்த நெருக்கடிதான் டேம்பிங். அமுங்கும்போது பிடிப்பது கம்ப்ரஷன், எழும்பும்போது பிடிப்பது ரீபவுண்ட். நம்மூர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இதைக் கூட்டிக் குறைக்க வழியே கிடையாது. ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு, 2021 முதல் 'டைனமிக் கிட்' என்று தனிக் காசு கொடுத்தால் அதற்கான திருகாணிகள் கிடைக்கின்றன.

பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கு அப்படியொரு வண்டியில் வந்தார் ஒரு தம்பி. ரீபவுண்டை முழுக்க இறுக்கி வைத்திருந்தார். இறுக்கினால் நல்லது என்ற நினைப்பு. ஒரு பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் நிமிர்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். போகப்போக வண்டி தாழ்ந்து கட்டையாகிவிடும். ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்தி, ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு திருகாணியையும் ஒரே நேரத்தில் தொட்டால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

தரங்கம்பாடி மீன் வண்டிகளின் கதை வேறு. பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் ஷாக் தண்டில் துருவேற்றும். துரு சீலை அறுக்கும், ஆயில் கசியும். அதன்பின் வளையத்தை எந்தக் கட்டத்தில் வைத்தாலும் ஒன்றுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். சீட்டை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் சரி. மேலும் கீழும் ஆடினால் ஆயில் வேலை போய்விட்டது. முன் ஃபோர்க்கு என்றால் சீலும் ஆயிலும் மாற்றலாம். கம்பெனி சொன்ன ஆயில், சொன்ன அளவு, இரண்டு காலிலும் சமமாக. அடிக்காமலிருக்கக் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்லாதீர்கள். சின்னக் கல்லும் கையில் இடிக்கும். பின் ஷாக் கசிந்தால் ஜோடியாக மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னால் நான் செய்வதில்லை.