ஒலிபெருக்கியின் கூம்பும் ரப்பர் விளிம்பும்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. 1973இல் அங்குப் புதுநகர் அமைக்கும் பணி தொடங்கிற்று. இன்று அங்கு அடுக்குமாடி வீடுகளே நிறைந்துள்ளன. அவ்வீடுகளுள் ஒன்றில் வாழும் என் மைத்துனரைக் காண அண்மையில் சென்றிருந்தேன். அவருடைய பழைய பாட்டுப் பெட்டி கரகரவென்று இரைந்தது. "ஒலிபெருக்கி போய்விட்டது, அத்தான். இனிக் குப்பைக்குத்தான்" என்றார். முன்புறத் துணியை அகற்றிப் பார்த்தோம். கூம்பு பழுதின்றி இருந்தது. அதைச் சூழ்ந்த விளிம்பு வளையம் மட்டும் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

கூம்பின் பணி யாது? அதன் அடியில் ஒரு கம்பிச்சுருள் உண்டு. அது காந்தத்தின் இடைவெளியில் அமைந்திருக்கும். மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும். கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளும். அதுவே நம் செவிக்கு ஒலியாகிறது. இவ்வகை ஒலிபெருக்கியைச் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இருவர் 1925இல் அமெரிக்காவில் உருவாக்கினர்.

வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அசைய வேண்டியிருப்பதால் கூம்பு எடை குறைந்திருத்தல் வேண்டும். அசையும்போது மடங்காத விறைப்பும் வேண்டும். தட்டினால் கிண்ணம்போல் கணகணக்கவும் கூடாது. இம்மூன்றும் ஓரளவு ஒருங்கே அமைந்த மலிவான பொருள் காகிதமே. மரக்கூழை நீரில் கரைத்து, கூம்பு வடிவச் சல்லடையில் படியவிட்டு, அழுத்தி உலர்த்துவர். ஆனால், காகிதம் ஈரத்தை உறிஞ்சும். ஆகவே, அதன்மேல் பிசின் பூசுவதுண்டு. 1970ஆம் ஆண்டுகளில் ஈரம் பற்றாத பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கும் கெவ்லார் இழையும் பயனுக்கு வந்தன. அலுமினியக் கூம்புகளும் உண்டு.

விளிம்பின் தேவையோ நேர்மாறானது. அது கூம்பை நடுவில் தாங்கிக்கொண்டே தாராளமாக அசையவிட வேண்டும். பல ஒலிபெருக்கிகளில் இதற்குப் பாலியூரித்தேன் நுரைப்பொருளைப் பயன்படுத்தினர். நம் நாடுகளின் வெப்பமும் ஈரக்காற்றும் அதை நாளடைவில் அரித்துவிடுகின்றன. ரப்பர் விளிம்பு பொதுவாக அதனினும் நெடுநாள் உழைக்கும். இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர் ஆகிய இரண்டும் இதற்குப் பயன்படுகின்றன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்துவதால்தான் இயற்கை ரப்பருக்கு இவ்வுறுதி வருகிறது. சார்லஸ் குட்இயர் 1839இல் கண்ட முறை அது.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டி கரகரத்தால் உடனே எறிந்துவிடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, கூம்பின் இருபுறமும் விரல்களை வைத்துச் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசும் ஓசையின்றி அசைந்து, விளிம்பு மட்டும் கிழிந்திருந்தால், வளையத்தை மாற்றினால் போதும். ரப்பர் விளிம்பில் மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ படவிடாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள்.

மைத்துனர் வீட்டுப் பெட்டிக்கு ரப்பர் வளையம் ஒன்றை வாங்கி ஒட்டினோம். பசை காய்ந்த மறுநாள் பாட்டுத் தெளிவாக ஒலித்தது. தோட்டத்தில் விடியற்காலையில் வெட்டி எடுக்கும் பால், இவ்வாறு இசைக்கும் துணைநிற்கிறது.