பாட்டியைவிடப் பேத்தி உயரம்

ஆடி ஞாயிறன்று திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் வரிசையில் பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை சேர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பல குடும்பங்களில் பாட்டியின் உச்சந்தலை பேத்தியின் காதுக்குத்தான் எட்டும். வயதானால் முதுகு வளைந்து ஓர் அங்குலமோ இரண்டோ குறையும், வாஸ்தவம்தான். அதைக் கழித்துவிட்டாலும் மிச்சம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? டீ ஆறுவதற்குள் பேசிப் பார்ப்போம்.

முதலில், அந்தக் காலத்து உயரம் நமக்கு எப்படித் தெரியும்? ஒரு வழி, பழைய காகிதங்கள். 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர். ஆளுக்கொரு சீட்டு. அதில் தகப்பன் பெயர், ஜில்லா, ஊர், சாதி, உடம்பில் உள்ள தழும்பு, கடைசியில் உயரம் இத்தனை அடி இத்தனை அங்குலம். ஆளை அடையாளம் காண எழுதி வைத்த அந்த வரிதான் இன்று ஆய்வாளர்களுக்குப் புதையல்.

பல நாடுகளில் ஆட்களை அளந்து எடுத்த கணக்குகளைத் திரட்டி 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. 1896-இல் பிறந்தவர்களையும் 1996-இல் பிறந்தவர்களையும் ஒப்பிட்டால், தென்கொரியப் பெண்களின் சராசரி 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சுமார் 5, ஆண்களுக்குச் சுமார் 3.

இங்கேதான் எல்லோரும் இடறுகிறோம். "உயரம் பரம்பரை சார், நம்ம ரத்தமே இவ்வளவுதான்" என்கிறோம். பாதி உண்மை. ஒரே மூட்டை விதைநெல்லைத் தலைமடை வயலிலும் கடைமடை வயலிலும் விதைத்ததாக நினைத்துக்கொள்வோம். ஒரு வயலுக்குள் ஒரு பயிர் உயரமாகவும் பக்கத்துப் பயிர் குட்டையாகவும் இருந்தால், அதற்குப் பெரும்பாலும் விதை காரணம். ஆனால் கடைமடை வயல் மொத்தமும் குட்டையாக நின்றால் அதற்குத் தண்ணீர்தான் காரணம். உங்கள் தெருவில் யார் நெட்டை என்பதைப் பரம்பரை சொல்லும். தெருவே ஏன் வளர்ந்தது என்பதை அது சொல்லாது. நூறு வருஷம் என்பது நாலைந்து தலைமுறை. அதற்குள் கொரியர்களின் ரத்தம் மாறிவிடவில்லை.

சரி, மாறியது எது? கை கால் எலும்புகளின் நுனியில் மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு ஒன்று உண்டு, வளர்தட்டு என்பார்கள். நீளம் கூடுவது அங்கேதான். பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் வருஷத்தில் மட்டும் 25 வளர்கிறது. அந்த வேகம் பிறகு எப்போதும் திரும்பாது. அந்த நேரத்தில் அடிக்கடி பேதியும் காய்ச்சலும் வந்தால், உடம்பு முதலில் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும், வளர்ச்சியைத் தள்ளிப்போடும். ஆகவே உயரம் என்பது சோறு மட்டுமல்ல; குடிதண்ணீர், கழிப்பறை, தடுப்பூசி எல்லாம் அதில் சேர்த்தி.

பத்தாம் வகுப்புப் பையனுக்கு உயரம் கூட்டும் பவுடரை டப்பா டப்பாவாக வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அதைவிட, அங்கன்வாடியில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்கவைத்துக் காலை மெல்ல நீட்டி அளக்கிறார்களே, அந்த அளவுக்கு மதிப்பு அதிகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்திய அளவில் இது 35-க்கு மேல்.

இன்னொன்று, தாய் குட்டையாக வளர்ந்திருந்தால் குழந்தையும் சிறிதாகப் பிறக்க வாய்ப்பு அதிகம். அதனால் கணக்குத் தீர ஒரு தலைமுறை போதாது. பள்ளியில் மதிய உணவு கிடைத்த சிறுமிகள் பின்னாளில் தாயானபோது, அவர்கள் பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவு கம்மியாக இருந்ததை 2021-இல் வந்த ஓர் இந்திய அளவிலான ஆய்வு காட்டியது. எம்.ஜி.ஆர். பள்ளி மதிய உணவைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கிய 1982-இல் தட்டேந்திய சிறுமிகளுக்கு இன்று ஐம்பதை ஒட்டிய வயது. அவர்களில் பலர் பாட்டியாகிவிட்டார்கள்.