உறைக்குள் எழுதிய விலாசம்

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, குடும்பப் புகைப்படங்களை அதில் சேர்த்து, வெளியூரிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்படி அதை எஃப்.டி.பி. சர்வராக அமைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதுகிறார்: ரூட்டரில் 21-ஆம் போர்ட்டையும், 50000 முதல் 50100 வரையிலான போர்ட்டுகளையும் திறந்துவிட்டாராம், பாஸ்வேர்டு பிறர் கண்ணில் படாமலிருக்க டி.எல்.எஸ். மறையாக்கமும் போட்டாராம், வெளியூரிலிருந்து பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் சர்வர் ஏற்றுக்கொள்கிறதாம், ஆனால் கோப்புகளின் பட்டியல் மட்டும் வந்துசேருவதே இல்லையாம்.

பெட்டியை வாங்கி மாட்டினால் இரண்டே நிமிஷத்தில் சொந்த கிளவுட் தயார் என்று விற்பனை செய்கிறவர்கள் வாய் திறவாத விஷயம் இது. உலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே, ரூட்டருக்குள், ஒரு காரியஸ்தர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய உத்தியோக முறையைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டு சர்வர் எதையும் வெளியுலகத்துக்குத் திறந்துவைக்க இயலாது.

பல பேர் வசிக்கும் ஒரு கூட்டுக் குடும்பத்துக்கு ஊரறிந்த விலாசம் ஒன்றே ஒன்றுதான் என்றும், திண்ணையில் பேரேட்டுடன் அமர்ந்திருக்கும் காரியஸ்தர், உள்ளிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தின் உறையிலும் அனுப்புகிறவரின் பெயரை அடித்துவிட்டு, வீட்டு விலாசத்தையும் ஓர் எண்ணையும் எழுதி, இன்ன எண் இன்னாருடையது என்று பேரேட்டில் பதிந்துகொள்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். பதில் வந்தால் எண்ணைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பிக்கிறார். பேரேட்டில் பதிவு இல்லாத கடிதம் வந்தால் யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் எறிந்துவிடுகிறார். போர்ட்டைத் திறப்பது என்பது, பேரேட்டில் முன்கூட்டியே ஒரு நிரந்தரப் பதிவு எழுதிவைப்பதுதான். விலாசத்தை மாற்றினால் கடிதத்தின் சரிபார்ப்புத் தொகையும் மாறவேண்டுமல்லவா? கடிதம் முழுவதையும் மறுபடி கூட்டிக்கொண்டிராமல், பழைய விலாசத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மாத்திரம் அந்தத் தொகையில் சரிக்கட்டிவிடுகிறார், அழகான யுக்தி.

சரித்திரத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடலாம். சுமார் 429 கோடி ஐ.பி. விலாசங்கள் போதாமற் போகும் என்ற கவலையில், ஈகவாங், பிரான்சிஸ் என்ற இருவர் 1994-இல் தற்காலிகப் பரிகாரமாக முன்வைத்த ஏற்பாடுதான் இந்தக் காரியஸ்தர் முறை. எஃப்.டி.பி.யோ, ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த அபய் பூஷண் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971-இல் வகுத்தது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சொந்த விலாசம் இருந்த அக்காலத்தில், நடுவே ஒரு காரியஸ்தர் வந்து அமர்வார் என்று எதிர்பார்க்க ஹேது எதுவும் இல்லை.

வாசகரின் சங்கடத்துக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது. எஃப்.டி.பி. ஓர் இணைப்பில் பேசி, கோப்புக்கும் பட்டியலுக்கும் வேறோர் இணைப்பைக் கோருகிறது, "எங்கே வரட்டும்?" என்று வெளியூர்க் கம்ப்யூட்டர் கேட்க, வீட்டு சர்வர் 192,168,1,20,195,80 என்று ஆறு எண்களை அனுப்புகிறது. முதல் நான்கும் விலாசம். கடைசி இரண்டும் போர்ட்: 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50000. காரியஸ்தர் உறையின்மேல் விலாசத்தை மாற்றிவிட்டார், நியாயம். ஆனால் கடிதத்தின் உள்ளேயும் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் விலாசம் எழுதியிருக்கிறதே! வெளியூர்க் கம்ப்யூட்டர் அதை நம்பித் தன் சொந்த வீட்டுக்குள்ளேயே அந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு நிற்கிறது.

இதற்காகவே பல ரூட்டர்களில் கடிதத்தைப் பிரித்துத் திருத்தும் காரியஸ்தரை வைத்தார்கள். வெளி விலாசம் 203.0.113.125 என்றால், 12 எழுத்தாக இருந்த பகுதி 13 எழுத்தாக நீள்கிறது. இணைப்பை நடத்தும் டி.சி.பி.யோ ஒவ்வொரு பைட்டையும் எண்ணி வருவது. ஆகையால் அந்த ஓர் எழுத்துக்காக, அந்த இணைப்பு முடியும் வரையில், வெளியே போகிற வரிசை எண்களிலெல்லாம் ஒன்றைக் கூட்டியும், திரும்பி வருகிற ஒப்புகை எண்களிலெல்லாம் ஒன்றைக் கழித்தும், இரு தரப்பாருக்கும் துளியும் சந்தேகம் எழாதபடி அவர் கணக்கை நடத்திச் செல்கிறார். இதைவிட நேர்த்தியான ஒட்டுவேலையை நான் கண்டதில்லை. ஆனால் மறையாக்கம் செய்த கடிதத்தை அவரால் படிக்க முடியாது. வாசகர் போட்ட டி.எல்.எஸ்., பாஸ்வேர்டைக் காத்த அதே கையால் காரியஸ்தரின் கண்ணையும் கட்டிவிட்டது.

சர்வரின் அமைப்பில், பட்டியலுக்காகச் சொல்லவேண்டிய விலாசமாக வெளி விலாசத்தை எழுதிவைத்தால் காரியம் நடக்கும். அது அடிக்கடி மாறுகிற இணைப்பாயின் மறுபடி கெடும். விலாசத்தைச் சொல்லாமல் போர்ட்டை மட்டும் சொல்லும் முறை ஒன்று 1998-இலேயே வகுக்கப்பட்டது. இரு தரப்பும் அதை அறிந்திருக்கவேண்டும். அதற்கும் முன்னதாக ரூட்டரின் நிலைப் பக்கத்தைப் பார்ப்பது நல்லது: வெளி விலாசம் 100.64 முதல் 100.127 வரையில் எதனாலேனும் தொடங்கினால், இணைப்புக் கம்பெனியிலும் ஒரு காரியஸ்தர் இருக்கிறார் என்று அர்த்தம். அவருடைய பேரேட்டில் எழுத நமக்கு அதிகாரமில்லை.

ரூட்டர் இருப்பதே பாதுகாப்பு என்ற பிரசாரத்தையும் நம்பவேண்டாம். தெரியாத கடிதத்தைக் காரியஸ்தர் எறிவது விவேகத்தால் அல்ல. நிரந்தரப் பதிவு எழுதிவிட்டால், வருகிறவன் திருடனானாலும் உள்ளே விட்டுவிடுவார். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வானாக்ரை என்ற தீங்கு நிரல், விண்டோஸ் கோப்புப் பகிர்வின் 445-ஆம் போர்ட் வழியாகவே பரவியது; அதை ஒருபோதும் வெளியே திறக்கலாகாது. என் அபிப்பிராயத்தில் வாசகர் எஃப்.டி.பி.யை விட்டுவிட்டு எஸ்.எஃப்.டி.பி.யைக் கைக்கொள்வதே உத்தமம்: ஒரே இணைப்பு, ஒரே போர்ட், உள்ளே விலாசம் எழுதும் வழக்கமும் இல்லை, பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பைப் பயன்படுத்தினால், ஊகித்துப் பார்க்கிறவர்களின் முயற்சியும் பலிக்காது.