முகத்துவாரத்தில் முதல் தூண்டில்

சுந்தரபாண்டியத்துக் கண்மாய்கள் நிரம்பி வழிந்தால், அந்நீர் வைப்பாற்றின் வழியே மன்னார் வளைகுடாவைச் சென்றடையும். அத்தகைய முகத்துவாரங்களில் மீன்பிடிக்க விழைவோர் முதலில் கற்கவேண்டியது தூண்டிலையன்று; நீரோட்டத்தையே.

கடல்நீர் ஏறத்தாழ 6 மணி நேரம் ஏறும். பின்னர் அவ்வாறே வற்றும். வற்றும் நீரோடு இறாலும் சிறுமீனும் வெளியேறும். அவற்றை எதிர்நோக்கிக் கொடுவா மீன் ஓரத்தில் காத்திருக்கும். மணற்கரையிலோ, சிறு முள்ளில் இறால் துண்டைக் கோத்தெறிந்தால் கிழங்கான் கிட்டும்.

ஆயின், மீனைத் தரும் அவ்வோட்டமே மனிதனைக் கடலுக்குள் இழுக்கவும் வல்லது. முழங்காலளவு நீருக்கு மேல் இறங்காதீர்கள், தனியே செல்லாதீர்கள், அவ்வூர் மீனவரிடம் கேட்டறியுங்கள்.

கடல் வேட்டையை ஆகுமாக்கிய அல்லாஹ் (5:96), நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்வதைத் தடுத்தும் உள்ளான் (2:195). தேவைக்கு மட்டும் பிடித்து, குஞ்சுகளைக் கடலுக்கே விட்டு, காத்திருக்கும் குடும்பத்தாரிடம் நலமே திரும்புவதே நல்வேட்டை.